சூரியனுக்குப் பக்கத்தில் உள்ள மூத்த விண்மீன்களை ஏன் ஆராய்கிறார்கள்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, பெருவெடிப்புக்குப் பின் 30 கோடி ஆண்டுகள்கூட ஆகாத கேலக்ஸிகளை நேரடியாகப் படம் பிடிக்கிறது. அப்படியிருக்க, பக்கத்தில் 200 ஒளியாண்டு தூரத்தில் உள்ள விண்மீன்களில் இரும்பு எவ்வளவு குறைவு என்று அளந்து, பேரண்டத்தின் தொடக்கத்தைப் பற்றிப் புதிதாக என்ன தெரிந்துவிடும்? உலோகம் குறைவு என்றாலே பழசு என்று எப்படி முடிவு கட்டுகிறார்கள்?"

முதல் பகுதிக்குச் சுருக்கமான பதில்: ஜேம்ஸ் வெப் அந்தத் தூரத்தில் காண்பது பல கோடி விண்மீன்களின் ஒளி கலந்து வரும் ஒரு மங்கல் புள்ளியை. சூரியனைப் போன்ற சிறிய விண்மீன் எதுவும் அங்கே தனியாகத் தெரியாது. பக்கத்தில் இருக்கும் மூத்த விண்மீனோ தனியாகத் தெரிகிறது. அதன் தூரம், வேகம், மேற்பரப்பு வெப்பநிலை, அதில் உள்ள இருபது முப்பது தனிமங்களின் அளவு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அளந்துவிடலாம். அது பிறந்தபோது சுற்றிலும் இருந்த வாயுவில் என்னென்ன கலந்திருந்தன என்ற கணக்கு அதன் மேற்பரப்பில் அப்படியே இருக்கிறது. இரண்டு வழிகளும் ஒன்றுக்கொன்று துணை. ஆனால் எந்தத் தனிமம் எங்கே எப்படி உண்டானது என்ற கேள்விக்கு, அருகில் இருக்கும் விண்மீன்கள் தரும் பதில்தான் இன்னும் கூர்மையானது என்பேன்.

இரண்டாவது பகுதி இன்னும் நல்ல கேள்வி. உலோகம் குறைவு என்றால் பழசு என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது பரவலான பழக்கம். அது பாதிதான் சரி. அங்கே வருவதற்கு முன் கொஞ்சம் அடிப்படை.

பெருவெடிப்பில் உண்டானவை ஹைட்ரஜன், ஹீலியம், மிகச் சிறிதளவு லித்தியம். கார்பன், ஆக்ஸிஜன், மெக்னீசியம், கால்சியம், இரும்பு என மற்ற ஏறக்குறைய எல்லாமே பிறகு விண்மீன்களுக்குள்ளும் அவற்றின் வெடிப்புகளிலும் உருவானவை. வானியலில் ஹீலியத்தைவிடக் கனமான எல்லாவற்றையும் உலோகம் என்றே சொல்வார்கள், ஆக்ஸிஜன் உட்பட. சூரியனின் நிறையில் இந்த உலோகங்களின் பங்கு சுமார் 1.4 சதவீதம். அணுக்கணக்கில் பார்த்தால், சூரியனில் ஓர் இரும்பு அணுவுக்குச் சுமார் 31,000 ஹைட்ரஜன் அணுக்கள் உண்டு. துலாம் மண்டலத்தில் உள்ள ஹெச்.டி. 140283 என்ற விண்மீனில் ஓர் இரும்பு அணுவுக்கு ஏறக்குறைய 70 லட்சம் ஹைட்ரஜன் அணுக்கள். அதாவது சூரியனில் உள்ள விகிதத்தில் இருநூறில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆய்வாளர்கள் இதை மடக்கை அளவில் எழுதுவார்கள்: மைனஸ் 1 என்றால் சூரியனில் பத்தில் ஒன்று, மைனஸ் 2 என்றால் நூறில் ஒன்று, மைனஸ் 3 என்றால் ஆயிரத்தில் ஒன்று. ஹெச்.டி. 140283 மைனஸ் 2.3 அல்லது 2.4 இல் வருகிறது.

இப்படிப்பட்ட விண்மீன் இன்றுவரை உயிரோடு இருக்கக் காரணம் அதன் சிறிய நிறை. சூரியனைவிட எட்டுப் பத்து மடங்கு நிறையுள்ளவை சில கோடி ஆண்டுகளில் எரிந்து வெடித்துவிடும். சூரியனில் 0.8 பங்கு நிறையுள்ளது 1200, 1300 கோடி ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். அதன் மையத்தில் நடக்கும் அணுக்கரு இணைவின் சாம்பல் பெரும்பாலும் மேற்பரப்புக்கு வருவதில்லை. அதனால் மேல் அடுக்கில் நாம் பார்ப்பது ஏறக்குறைய பிறந்தபோது இருந்த கலவைதான். இங்கே 'ஏறக்குறைய' என்ற சொல்லைக் கவனியுங்கள், லித்தியம் விஷயத்தில் அது பெரிய தலைவலியாகிவிட்டது.

இந்த விண்மீன்கள் முதலில் அடையாளம் தெரியாமல்தான் இருந்தன. விண்மீனின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் வரும் பட்டைதான் நிறமாலை; ஒவ்வொரு தனிமமும் அதில் தனக்கே உரிய இடங்களில் இருண்ட கோடுகளை விடும். ஹெச்.டி. 140283, ஹெச்.டி. 19445 இரண்டின் நிறமாலையிலும் உலோகக் கோடுகள் மிகவும் மெலிந்திருந்ததால், அவை நிஜத்தில் இருப்பதைவிட வெப்பமானவை என்று வகைப்படுத்தி வைத்திருந்தார்கள். வெப்பமான விண்மீன்களிலும் இரும்புக் கோடுகள் மெலிந்துதான் இருக்கும், அதுதான் குழப்பத்துக்குக் காரணம். 1951 இல் ஜோசப் சேம்பர்லைனும் லாரன்ஸ் ஆலரும், இவை சூரியனை ஒத்த வெப்பநிலை உடையவைதான், இவற்றில் உலோகமே குறைவு என்று காட்டினார்கள். விண்மீன்கள் எல்லாம் ஒரே கலவையால் ஆனவை என்ற எண்ணம் வேரூன்றியிருந்த காலம் அது. விண்மீனுக்கு விண்மீன் வேதியியல் மாறும், அந்த மாற்றத்துக்கு ஒரு வரலாறு உண்டு என்ற எண்ணம் இங்கிருந்துதான் வேகம் பிடித்தது. ஒரு வருடம் முன்பே, 1950 இல், நான்சி ரோமன் இன்னொன்றைக் கவனித்திருந்தார்: மெலிந்த கோடுகள் உள்ள விண்மீன்கள், தடித்த கோடுகள் உள்ளவற்றைவிட வேகமாக ஓடுகின்றன. வேதியியலுக்கும் ஓட்டத்துக்கும் தொடர்பு இருக்கிறது! இந்தத் துறையின் மிக முக்கியமான ஒற்றைக் கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். பின்னாளில் நாசாவின் வானியல் பிரிவுக்கே முதல் தலைவரானவர் அவர்.

சரி, இப்போது வயதுக்கு வருவோம். உலோகம் காலத்தோடு கூடிக்கொண்டே போகிறது என்பது உண்மை. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் கூடுவதில்லை. பால்வெளியின் மையப் பகுதியில் வாயு அடர்த்தியாக இருந்தது. அங்கே விண்மீன்கள் மளமளவென்று பிறந்து வெடித்து, குறுகிய காலத்தில் உலோகத்தை ஏற்றிவிட்டன. அதே காலத்தில் ஒரு சிறிய குறுங்கேலக்ஸியில் இந்த வேலை ஆமை வேகத்தில் நடந்தது. ஆகவே மையப் பகுதியில் பிறந்த, பத்தில் ஒரு பங்கு இரும்புள்ள விண்மீன், குறுங்கேலக்ஸியில் பிறந்த, முந்நூறில் ஒரு பங்கு இரும்புள்ள விண்மீனைவிட மூத்ததாக இருக்கலாம். இன்றைக்கும் விண்மீன் பிறந்துகொண்டிருக்கும் ஐ ஸ்விக்கி 18 என்ற சிறிய கேலக்ஸியின் வாயுவில், சூரியனில் உள்ள ஆக்ஸிஜனில் சில சதவீதம்தான் இருக்கிறது. அங்கே இன்று பிறக்கும் விண்மீன் உலோகம் குறைந்தது, ஆனால் பச்சிளம் குழந்தை.

ஆகவே இரும்பின் அளவு தெரிவிப்பது, அந்த விண்மீன் பிறப்பதற்கு முன் அந்த இடத்தில் எத்தனை தலைமுறை வெடிப்புகள் நடந்து முடிந்திருந்தன என்பதை. எந்த ஆண்டில் பிறந்தது என்பதைத் தனியாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பால்வெளியில், சூரியனைச் சுற்றிய பகுதியில், நூறில் ஒரு பங்குக்குக் குறைவான இரும்புள்ளவை அநேகமாக எல்லாமே மிகப் பழையவை என்பது உண்மைதான். அது அளந்து பார்த்துத் தெரிந்துகொண்ட முடிவு.

அளப்பது எப்படி? இங்கேதான் அருகில் இருப்பதன் அருமை தெரியும். பெரும்பாலான விண்மீன்களின் வயதைத் தனியாகச் சொல்லவே முடியாது. கப்தைன் விண்மீன் வெறும் 12.8 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது, பழைய கூட்டத்தைச் சேர்ந்ததில் நமக்கு மிக நெருக்கமானது. ஆனால் அது ஒரு செங்குறுமீன், அதாவது சிறிய, மங்கலான சிவப்பு விண்மீன். எரிபொருளை அவ்வளவு சிக்கனமாகச் செலவழிப்பதால் 300 கோடி வயதிலும் 1200 கோடி வயதிலும் வெளியில் இருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். வயது வெளியே தெரிவது ஒரு குறிப்பிட்ட பருவத்தில்தான். மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்து, விண்மீன் செம்பூதமாக வீங்குவதற்கு முன் உள்ள குறுகிய இடைக்காலம் அது. அந்தப் பருவத்தில் ஒரு விண்மீன் எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்பது வயதைப் பொறுத்து நன்றாகவே மாறும். ஹெச்.டி. 140283 அந்தப் பருவத்தில், நமக்குப் பக்கத்தில், இரும்பு மிகக் குறைந்த நிலையில் இருக்கிறது. மூன்றும் ஒன்றாக அமைவது அபூர்வம். அதனால்தான் இந்த ஒரு விண்மீனை எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக விடாமல் துருவிக்கொண்டிருக்கிறார்கள்.

2013 இல் ஹவர்ட் பாண்ட் குழுவினர் ஹப்பிள் தொலைநோக்கியால் இதன் இடமாறு தோற்றத்தை (பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் வானில் சற்றே இடம் மாறித் தெரிவதை) அளந்து, தூரம் சுமார் 190 ஒளியாண்டு என்று கண்டார்கள். அதிலிருந்து வந்த வயது 1446 கோடி ஆண்டு, 80 கோடி முன்பின். பேரண்டத்தின் வயது 1380 கோடி. உடனே 'பேரண்டத்தைவிட மூத்த விண்மீன்' என்று செய்திகள் பறந்தன. கட்டுரையில் இருந்த 80 கோடி முன்பின் என்ற பகுதியைத் தலைப்புகள் விட்டுவிட்டன. அதைச் சேர்த்தால் முரண்பாடு எதுவும் இல்லை. பின்னர் கையா செயற்கைக்கோள் இன்னும் நுணுக்கமாக அளந்தபோது தூரம் சுமார் 200 ஒளியாண்டு என்று வந்தது. வித்தியாசம் பத்து ஒளியாண்டுதானே என்று தோன்றும். ஆனால் தூரம் 5 சதவீதம் கூடினால் விண்மீனின் உண்மையான பிரகாசம் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. இந்தப் பருவத்தில் கூடுதல் பிரகாசம் என்றால் குறைந்த வயது. 2021 இல் வந்த ஓர் ஆய்வு இதன் வயதை 1200 கோடி ஆண்டு, 50 கோடி முன்பின் என்று கணித்தது. தூரத்தைத் தவிர, ஆக்ஸிஜனின் அளவும் வயதைப் பெரிதாக அசைக்கும். ஆக்ஸிஜன் கூடுதலாக இருந்தால் கணக்கில் வயது குறையும். ஒற்றை விண்மீனின் வயதில் 5 சதவீதத் துல்லியம் என்பதே இன்றைய எல்லை. ஆயிரக்கணக்கான ஒளியாண்டு தூரத்தில் உள்ளவற்றுக்கு இந்த அளவும் எட்டாது.

தோரியம், யுரேனியம் கதிரியக்கச் சிதைவை வைத்து வயது சொல்லும் இன்னொரு முறையும் உண்டு. தோரியத்தின் அரைவாழ்வு (பாதியாகக் குறைய ஆகும் காலம்) 1400 கோடி ஆண்டு, யுரேனியம் 238 க்குச் சுமார் 450 கோடி. சி.எஸ். 31082-001 என்ற விண்மீனில் 2001 இல் யுரேனியக் கோடு கிடைத்தபோது இம்முறை பெரிதும் பேசப்பட்டது. அழகான முறை, ஆனால் அத்தகைய கனமான தனிமங்கள் அளவுக்கு அதிகமாக உள்ள சில அபூர்வ விண்மீன்களுக்குத்தான் பொருந்தும். அவற்றில் பெரும்பாலானவை தூரத்துச் செம்பூதங்கள்.

இனி ஓட்டம். ஹெச்.டி. 140283 வானில் ஆண்டுக்கு 1.15 வில்நொடி நகர்கிறது (ஒரு வில்நொடி என்பது ஒரு டிகிரியில் 3600 இல் ஒரு பங்கு). 200 ஒளியாண்டு தூரத்துக்கு இது மிகப் பெரிய நகர்வு. சுமார் 1600 ஆண்டுகளில் முழுநிலவின் அகலத்தைக் கடந்துவிடும். கூடவே நொடிக்குச் சுமார் 170 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கியும் வருகிறது. இரண்டையும் சேர்த்தால் நம்மைப் பொறுத்து நொடிக்கு 375 கி.மீ. போல வரும். கப்தைன் விண்மீன் ஆண்டுக்கு 8.7 வில்நொடி, சப்தரிஷி மண்டலத்தில் 30 ஒளியாண்டு தூரத்தில் உள்ள க்ரூம்பிரிட்ஜ் 1830 ஆண்டுக்கு 7 வில்நொடி. இவை அதிவேகமாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் நம்முடைய வேகம்தான். சூரியனும், பால்வெளியின் தட்டையான பகுதியான தட்டில் உள்ள மற்ற விண்மீன்களும் பால்வெளியின் மையத்தை நொடிக்கு 220, 240 கி.மீ. வேகத்தில் ஒரே திசையில் சுற்றுகின்றன. தட்டைச் சூழ்ந்த கோள வடிவப் பரப்பான ஹாலோவைச் சேர்ந்த விண்மீன்கள் அந்தச் சுழற்சியில் சேராமல் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. கப்தைன் எதிர்த்திசையிலேயே சுற்றுகிறது. நம் பக்கத்தில் உள்ள விண்மீன்களில் இப்படிப்பட்டவை ஆயிரத்தில் சில மட்டுமே. இன்று தற்செயலாக நம் அருகே கடந்து போகின்றன, அவ்வளவுதான். நமக்கு இது பெரிய வசதி: ஹாலோவைப் பார்க்க ஹாலோவுக்கே போக வேண்டியதில்லை, அதன் துண்டுகள் நம்மிடமே வந்துபோகின்றன.

1962 இல் ஓலின் எக்கன், டொனால்ட் லிண்டன்-பெல், ஆலன் சாண்டேஜ் மூவரும் சூரியனுக்கு அருகிலுள்ள 221 விண்மீன்களை எடுத்து, உலோகம் குறைந்தவை எல்லாம் நீண்ட நீள்வட்டப் பாதையில் போகின்றன என்று காட்டினார்கள். பால்வெளி ஒரே பெரிய வாயு மேகம் வேகமாகச் சுருங்கி உருவானது என்பது அவர்கள் முடிவு. கையளவு விண்மீன்களை வைத்து ஒரு கேலக்ஸியின் பிறப்பையே சொல்லத் துணிந்த கட்டுரை அது. இன்று படித்தாலும் சிலிர்ப்பு குறையாது. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. அன்றைக்குப் பழைய விண்மீன்களைத் தேடும் வழியே, வேகமாக நகர்பவற்றைப் பொறுக்குவதுதான். வேகமானவற்றை மட்டும் பொறுக்கிவிட்டு, உலோகம் குறைந்தவை எல்லாம் வேகமாகப் போகின்றன என்று சொன்னால், அந்த முடிவின் ஒரு பகுதி பொறுக்கிய விதத்திலேயே அடங்கியிருக்கிறது. பிறகு வந்தவர்கள் வேகத்தைக் கணக்கில் எடுக்காமல், நிறமாலையை மட்டும் வைத்துத் தேடினார்கள். கால்சியத்தின் இரண்டு தடித்த கோடுகள் 393.4, 396.8 நானோமீட்டர் அலைநீளத்தில் இருக்கின்றன. மிகவும் உலோகம் குறைந்த விண்மீனிலும் இவை மிச்சம் இருக்கும் என்பதால், இவை எவ்வளவு மெலிந்திருக்கின்றன என்று பார்த்தே ஆட்களைப் பிரிக்கலாம். டிமத்தி பியர்ஸ், ஜார்ஜ் பிரஸ்டன், ஸ்டீபன் ஷெக்ட்மன் மூவரும் 1980களில் இந்த வழியில்தான் பெரிய அளவில் தேடினார்கள். அப்போது தட்டோடு ஒட்டியே வட்டப் பாதையில் சுற்றும் உலோகம் குறைந்த விண்மீன்களும் கிடைத்தன. பழைய படம் அவ்வளவு எளிமையானதாக இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அடுத்தது. 2010 இல் பௌல் நிஸ்ஸனும் வில்லியம் ஷுஸ்டரும் சூரியனுக்கு அருகிலுள்ள 94 விண்மீன்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எல்லாமே வெளிச்சமானவை, எல்லாவற்றின் வெப்பநிலையும் சூரியனுக்கு நெருக்கமானது. அதனால் ஒன்றோடொன்று ஒப்பிடும்போது பெரும்பாலான அளவீட்டுப் பிழைகள் தாமாகவே கழிந்துபோகும். இரும்புக்கு எதிராக மெக்னீசியத்தை வரைந்தபோது, ஹாலோ விண்மீன்கள் இரண்டு தனித்தனி வரிசைகளாகப் பிரிந்து நின்றன. ஒரே இரும்பு அளவில், ஒரு வரிசையில் மெக்னீசியம் அதிகம், மற்றதில் குறைவு. வேறுபாடு சில பத்து சதவீதம்தான். மங்கலான விண்மீன்களில் இது பிழைக்குள் மறைந்துபோயிருக்கும்.

இதன் பொருள் என்ன? மெக்னீசியம் பெரிய விண்மீன்களின் வெடிப்பில் சில கோடி ஆண்டுகளுக்குள் வந்துவிடும். இரும்பில் பெரும்பங்கு வெண்குறுமீன்கள் (எரிந்து முடிந்த சிறிய விண்மீன்களின் மிச்சம்) வெடிக்கும் இன்னொரு வகைச் சூப்பர்நோவாவில் வருகிறது, அதற்கு அதிகக் காலம் பிடிக்கும். விண்மீன்கள் வேகமாகப் பிறக்கும் பெரிய கேலக்ஸியில், அந்தத் தாமதமான இரும்பு வந்து சேர்வதற்குள் மெக்னீசியமும் முதல் இரும்பும் நிறையக் கூடியிருக்கும். மெதுவாகப் பிறக்கும் சிறிய கேலக்ஸியில், உலோகம் கொஞ்சம் சேர்வதற்குள்ளேயே தாமத இரும்பு வந்து கலந்துவிடும். மெக்னீசிய விகிதம் இறங்கிவிடும். ஆக, மெக்னீசியம் குறைந்த வரிசை வேறொரு சிறிய கேலக்ஸியில் பிறந்து, பிறகு பால்வெளியோடு வந்து சேர்ந்த கூட்டம். ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு முகச்சாயல் இருப்பதுபோல, ஒரே கேலக்ஸியில் பிறந்தவற்றுக்கு இந்த விகிதத்தில் ஒரு சாயல் இருக்கிறது. 2018 ஏப்ரலில் கையாவின் இரண்டாம் தரவுத் தொகுப்பு வெளியானபோது, சூரியனுக்கு அருகிலுள்ள ஹாலோ விண்மீன்களில் பெரும்பகுதி ஒரே மாதிரியான நீண்ட நீள்வட்டப் பாதைகளில் ஓடுவது தெரிந்தது. அமினா ஹெல்மி குழுவினரும் வசிலி பெலோகுரோவ் குழுவினரும் தனித்தனியே அதே முடிவுக்கு வந்தார்கள்: சுமார் 1000 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கணிசமான கேலக்ஸி பால்வெளிக்குள் விழுந்து சிதறியது. இன்று அதன் பெயர் கையா-என்செலடஸ். நிஸ்ஸனும் ஷுஸ்டரும் கண்ட மெக்னீசியம் குறைந்த வரிசை இதன் விண்மீன்கள்தான். 94 விண்மீன்களை மிகத் துல்லியமாக அளந்ததில், கோடிக்கணக்கான விண்மீன்களின் வரைபடம் வருவதற்கு எட்டு ஆண்டு முன்பே அந்தக் கேலக்ஸியின் தடம் தெரிந்துவிட்டது. கேள்வி கேட்டவருக்கு என் முக்கியமான பதில் இந்த எடுத்துக்காட்டில் இருக்கிறது.

அந்தத் துல்லியம் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். சூரியனின் நிறமாலையில் பச்சைப் பகுதியை, 517 நானோமீட்டர் பக்கம், விரித்தால் மெக்னீசியத்தின் மூன்று தடித்த கோடுகளும் அவற்றுக்கிடையே நெருக்கியடித்துக்கொண்டு இரும்பு, டைட்டேனியம், குரோமியக் கோடுகளும் தெரியும். கோடில்லாத இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதே பகுதியை ஹெச்.டி. 140283 இல் பார்த்தால் மெக்னீசியக் கோடுகள் மூன்றும் தனித்துச் சுத்தமாக நிற்கின்றன, சுற்றிலும் பெரும்பாலும் வெற்றிடம். அளக்க எளிது என்று தோன்றும். ஆனால் கோட்டின் ஆழத்தை அணுக்களின் எண்ணிக்கையாக மாற்றும் இடத்தில்தான் வேலையே ஆரம்பிக்கிறது.

ஒரு வெப்பநிலையில் எத்தனை அணுக்கள் மின்னணுவை இழந்து அயனியாக இருக்கும் என்று சொல்வது 1920 இல் மேக்நாட் சாஹா தந்த சமன்பாடு. அந்தச் சமன்பாடு, அணுக்கள் ஒன்றோடொன்று மோதி ஒரு சமநிலைக்கு வந்திருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறது. உலோகம் குறைந்த விண்மீனின் வளிமண்டலத்தில் இது சரியாகப் பொருந்தாது. அங்கே தனி மின்னணுக்களைத் தரும் உலோகங்களே குறைவு, அதனால் மோதல்களும் குறைவு. புறஊதா ஒளியைத் தடுக்கும் கோடுகளும் குறைவாக இருப்பதால், உள்ளிருந்து வரும் புறஊதா ஒளி இரும்பு அணுக்களைச் சமநிலை சொல்வதைவிட அதிகமாக அயனியாக்கிவிடுகிறது. மெலிந்த கோட்டைப் பார்த்து இரும்பு இன்னும் குறைவு என்று நாம் ஏமாந்துவிடுவோம். வெப்பநிலையில் 100 டிகிரி தவறினாலே இரும்பின் அளவு ஏறக்குறைய 20 சதவீதம் மாறும். இந்த வெப்பநிலையை எந்தக் கோட்பாட்டையும் நம்பாமல் நேரடியாக அளக்க ஒரு வழி உண்டு: விண்மீனின் கோண விட்டத்தை அளந்து, வந்து சேரும் மொத்த ஒளியோடு ஒப்பிடுவது. ஹெச்.டி. 140283 இன் விட்டம் ஒரு வில்நொடியில் சுமார் மூவாயிரத்தில் ஒரு பங்கு. கலிபோர்னியாவில் மவுண்ட் வில்சனில் உள்ள சாரா தொலைநோக்கி வரிசை, 330 மீட்டர் வரை விலகி நிற்கும் ஆறு தொலைநோக்கிகளின் ஒளியை இணைத்து இதை அளந்திருக்கிறது. அருகில் இருக்கும் சில விண்மீன்களுக்குத்தான் இது முடியும். அந்தச் சிலவற்றை வைத்துத்தான் தொலைவில் உள்ள ஆயிரக்கணக்கானவற்றுக்கான அளவுகோல்களைச் சரிபார்க்கிறார்கள்.

லித்தியம்-6 கதை இதற்கு நல்ல பாடம். லித்தியம்-6, லித்தியம்-7 என்பவை அணுவின் எடையில் மட்டும் வேறுபடும் இரண்டு வகை லித்தியம். 670.8 நானோமீட்டரில் லித்தியத்தின் கோடு இருக்கிறது. லித்தியம்-7 உடன் கொஞ்சம் லித்தியம்-6 கலந்திருந்தால் கோட்டின் சிவப்புப் பக்கம் சற்றே சாயும். நகர்வு வெறும் 0.016 நானோமீட்டர். 2006 இல் பல ஹாலோ விண்மீன்களில் இந்தச் சாய்வு தெரிந்ததாக ஓர் ஆய்வு வந்தது. பெருவெடிப்பில் லித்தியம்-6 அளக்கும் அளவுக்கு உருவாகியிருக்க முடியாது என்பதால், புதிய துகள்கள் ஏதாவது காரணமா என்றுகூடக் கட்டுரைகள் எழுதப்பட்டன. ஆனால் விண்மீனின் மேற்பரப்பு கொதித்துக்கொண்டே இருக்கிறது. சூடான வாயு மேலே வருகிறது, குளிர்ந்தது கீழே இறங்குகிறது. இந்த இரண்டின் வேகங்களும் சேர்ந்து எந்தக் கோட்டையும் கொஞ்சம் சாய்த்துவிடும். முப்பரிமாணத்தில் அந்தக் கொதிப்பையும், சமநிலை இல்லாததையும் சேர்த்துக் கணக்கிட்டபோது லித்தியம்-6 இன் தடயம் காணாமல் போனது. ஹெச்.டி. 140283 இலும் அப்படியே.

லித்தியம்-7 இன் சிக்கல் அப்படிக் கரையவில்லை. 1982 இல் மோனிக் ஸ்பீட், ஃபிரான்சுவா ஸ்பீட் தம்பதியர், பழைய விண்மீன்களில் லித்தியம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறது என்று கண்டார்கள். பெருவெடிப்பின் கணக்கு அதைவிடச் சுமார் மூன்று மடங்கு லித்தியம் இருக்க வேண்டும் என்கிறது. நான் மேலே 'ஏறக்குறைய' என்று சொன்ன இடம் இதுதான்: 1200 கோடி ஆண்டுகளில் லித்தியம் மேற்பரப்பிலிருந்து மெல்ல அடியில் இறங்கியிருக்கலாம். பலரும் சாய்வது இந்த விளக்கத்தின் பக்கம். ஆனால் இத்தனை விண்மீன்களிலும் ஒரே அளவு எப்படி இறங்கும் என்பதை முழுதாகத் திருப்தி தரும்படி இன்னும் யாரும் விளக்கவில்லை.

கடைசியாக, பலரும் அடுத்துக் கேட்கும் கேள்வி: முதல் தலைமுறை விண்மீனே பக்கத்தில் ஒன்று கிடைக்குமா? உலோகமே இல்லாத வாயு குளிர்வது கடினம், அதனால் அது பெரிய கட்டிகளாகவே உடையும், முதல் விண்மீன்கள் பெரும்பாலும் பெருநிறை கொண்டவை என்பது பொதுக்கருத்து. அப்படியானால் எல்லாமே எப்போதோ வெடித்து முடிந்துவிட்டன. ஆனால் அவற்றோடு சேர்ந்து சூரியனில் 0.8 பங்குக்குக் குறைவான ஒன்று பிறந்திருந்தால், அது இன்றும் எரிந்துகொண்டுதான் இருக்க வேண்டும். 2014 இல் ஆஸ்திரேலியாவின் ஸ்கைமேப்பர் தேடலில் கிடைத்த ஒரு விண்மீனில் இரும்புக் கோடே தெரியவில்லை. சூரியனில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இரும்புகூட இல்லை. கார்பன், மெக்னீசியம், கால்சியம் மட்டும் கொஞ்சம் இருந்ததால், அது ஒரே ஒரு முதல் தலைமுறைச் சூப்பர்நோவாவின் மிச்சத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று கணித்தார்கள். ஆனால் அது சுமார் 6000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. 2018 இல் இன்னொரு வகைத் தடயம் கிடைத்தது: சுமார் 2000 ஒளியாண்டு தூரத்தில், இரும்பு பத்தாயிரத்தில் ஒரு பங்கே உள்ள ஓர் இரட்டை விண்மீன். அதில் துணை விண்மீனின் நிறை சூரியனில் 0.14 பங்கு மட்டுமே. கிட்டத்தட்ட உலோகமற்ற வாயுவிலிருந்தும் இவ்வளவு சிறியது பிறக்க முடியும் என்றால், முதல் தலைமுறையிலும் சிறியவை பிறந்திருக்கலாம் என்ற நம்பிக்கை வலுக்கிறது. இந்த இரட்டை தட்டோடு ஒட்டிய பாதையில்தான் சுற்றுகிறது என்பது இன்னொரு வியப்பு. வேகத்தை மட்டும் பார்த்துத் தேடியிருந்தால் தப்பியிருக்கும்.

உலோகமே இல்லாத விண்மீன் இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததும் ஒரு தகவல்தான். எத்தனை ஆயிரம் விண்மீன்களைப் பார்த்தும் இல்லை என்பதை வைத்து, முதல் தலைமுறையில் சிறியவை எவ்வளவு அரிதாக இருந்திருக்க வேண்டும் என்று எல்லை கட்டுகிறார்கள். அந்த எல்லை இனி வேகமாக இறுகும். ஸ்பெயினின் லா பால்மா தீவில் வீவ், சிலியில் ஃபோர்மோஸ்ட் ஆகிய கருவிகள் ஒரே வீச்சில் ஆயிரம், இரண்டாயிரம் விண்மீன்களின் நிறமாலையை எடுக்க வல்லவை. கையாவின் அடுத்த தரவுத் தொகுப்பு 2026 டிசம்பருக்குத் திட்டமிடப்பட்டிருக்கிறது. அவற்றில் தேறும் வெளிச்சமான, அருகிலுள்ள சிலவற்றைத்தான் பெரிய தொலைநோக்கிகளில் மணிக்கணக்கில் வைத்து, மேலே சொன்ன துல்லியத்தில் ஒவ்வொன்றாக அளப்பார்கள்.